வெள்ளி முழக்கோல்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் துறையில், ‘ட்ரிங்கோமலி’ எனத் திருக்கோணமலையின் பெயரை ஆங்கில வடிவிலே பூண்ட பழைய போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதந்து நிற்கின்றது. நெல்சனின் ‘விக்டரி’ இதனினும் மூத்ததாயினும், அஃது உலர்துறையில் நிற்பதாகலின், பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் நீர்மேல் எஞ்சியவற்றில் இதுவே முதியது. 1782 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி திருக்கோணமலைக் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரனும் பொருத போரின் நினைவாக இதற்கு அப்பெயர் இடப்பட்டது. அப்போரின் போக்கினை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். கப்பலைக் கட்டியவர் தம் தொழிலை எங்கே கற்றார், கற்றுச் சிறந்தமைக்கு யாரால் எவ்வாறு மதிக்கப்பெற்றார் என்பன அத்துணைப் பேசப்படுவதில்லை. பல்கலைக்கழக மாணவர் தொழிற்களங்களுக்குச் சென்று பயிலும் இக்காலத்தில் அவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

கப்பல் கட்டப்பட்டது இங்கிலாந்திலன்று, பம்பாயிலே. நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரினால் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அருகிற்று. மலையாளக் கரையின் தேக்கோ கடல்நீருக்கும் புழுவுக்கும் எளிதில் இளகாதது. ஆதலின் கடற்படையார் பம்பாய்த் தளத்தை நாடினர். முதலில் அனுப்பிய வரைபடங்கள், அவற்றை ஏற்றிச்சென்ற ‘ஜாவா’ என்னும் கப்பல் 1812 டிசம்பரில் அமெரிக்கரிடம் தோற்றபோது அதனோடு ஒழிந்தன. மறுபடி எழுதியனுப்பிய படங்களைக்கொண்டு 1816 ஏப்பிரிலில் வேலை தொடங்கிற்று. பாரசீக சமய மரபின்படி எழுத்துப் பொறித்த வெள்ளியாணி ஒன்றினைத் தலைமை ஓடாவி ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா ஏராமரத்திலே அறைந்தார். 1817 ஒக்டோபர் 12 ஆந் திகதி கப்பல் நீரில் இறங்கிற்று.

ஜம்செட்ஜியின் பாட்டனார் லவ்ஜி நசர்வான்ஜி. சூரத்துக் கப்பற்றளத்தில் மேற்பார்வையாளராயிருந்த அவரைக் கிழக்கிந்தியக் கும்பனியார் 1736 அளவிற் பம்பாய்க்கு அழைத்துவந்தனர். 1750 இல் அமைந்த பம்பாய் உலர்துறை அவர் காலத்துப் பணியாகும். அத்தகைய பெருந்தச்சரின் பேரர், பிறந்த உரிமையினாலேயே மேற்பதவியில் அமர்ந்திருப்பார் என எண்ணத்தோன்றும். நிகழ்ந்தது வேறு. ஜம்செட்ஜியும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பிராம்ஜி மானெக்ஜியும் மாதம் 12 ரூபா கூலிக்குச் சாதாரணத் தச்சராகவே தளத்திற் சேர்க்கப்பட்டனர். தந்தையரின் கண்காணிப்பிலே வாய்ச்சியும் உளியும் பிடித்துத் தொழிலைப் பழகினர். அங்கே பரீட்சை மண்டபம் இல்லை. வளைமரம் ஒன்று பொருந்தவேண்டிய இடத்திற் பொருந்திற்றா இல்லையா என்பதே பரீட்சை. அது நாடோறும் நடந்தது. இவ்வாறு பழகிய கைகளே 1810 இல் ‘மிண்டன்’ என்னும் பெரும்போர்க்கப்பலைக் கட்டி நீரில் விட்டன. பிரித்தானியக் கடற்படைக்கென அந்நாட்டுக்கு வெளியே கட்டப்பட்ட முதல் அணிவரிசைக் கப்பல் அதுவே என்பர்.

‘மிண்டன்’ நீரிறங்குமுன்னரே, 1804 இல், கும்பனியார் ஜம்செட்ஜிக்கு எழுத்துப் பொறித்த வெள்ளி முழக்கோல் ஒன்றைப் பரிசாக வழங்கியிருந்தனர். கிரீனிச்சிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியம் ஒன்று உண்டு. வெண்ணிற அங்கியும் சால்வையும் அணிந்து, கையிற் கப்பற்படமும் கவராயமும் ஏந்தியுள்ள அவருடைய இடைக்கச்சையில் அக்கோல் செருகப்பட்டிருக்கின்றது.

இப்பரிசின் தன்மை கருதற்குரியது. பொற்கிழியோ பட்டாடையோ மட்டும் அளித்திருந்தால் அதுவும் ஒரு சிறப்பே. ஆனால் அஃது அரசவைப் புலவனுக்கும் ஆடலாசிரியனுக்கும் பொருந்துமாறே ஓடாவிக்கும் பொருந்தியிருக்கும். முழக்கோலோ தச்சனுக்கன்றிப் பிறர்க்குப் பயன்படாதது. இவர் இன்ன தொழிலில், இன்ன செயலினாற் சிறந்தார் என்பதனைப் பரிசுப்பொருளே சொல்லிவிடுகின்றது. பெயரும் பொறிக்கப்பட்டமையின் அதனை வேறெவரும் தமதெனல் இயலாது. கும்பனியார் தம் ஊதியம் கருதியே இதனைச் செய்தனர் என்பது மெய்தான். வணிகர் வேறெதனைக் கருதுவர்? எனினும் கொடுத்த சிறப்பைப் பொருத்தமாகக் கொடுத்தனர்.

சிறப்புப் பெற்றவரின் உள்ளத்தில் வடு எதுவும் இல்லையெனவும் கொள்ளற்கில்லை. 1800 இல் கட்டப்பட்ட மரக்கலம் ஒன்றின் உள்மரத்திலே, இதனைக் கட்டியவன் வெள்ளையரால் இகழப்படும் ஒரு கறுப்பன் என்னும் பொருள்பட ஜம்செட்ஜி தம் கையாலே எழுத்து வெட்டிவைத்தார் என்று ஒரு வழக்கு உண்டு. வெள்ளிக்கோலில் ஏறிய எழுத்துப் பிறர் அளித்தது. மரத்தில் ஏறிய எழுத்துத் தாமே கொண்டது.

அக்குடும்பத்தின் பின்னோர் வாழ்வில் தொழிற்களமும் கல்விக்கழகமும் அணுகி வந்தன. ஜெஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும் 1838 இல் இங்கிலாந்து சென்று சதம் அரசக் கப்பற்றளத்திற் பயின்றனர். தாம் கண்டவற்றை 1841 இல் நூலாகவும் வெளியிட்டனர். இளமையிலேயே பம்பாய்த் தளத்தில் வேலைக்கமர்ந்து நீராவிப் பொறிகளைக் கற்ற அர்தசீர் கர்செட்ஜி வாடியா, அதே 1841 இல் லண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். இந்தியருள் அப்பேறு முதலிற் பெற்றவர் அவரே. பல்கலைக்கழக வாயிலை மிதியாத தொழிலாளி ஒருவரை விஞ்ஞானிகளின் அவை தன்னோடு வைத்து எண்ணிற்று என்பது சிறிய செய்தியன்று.

இனித் திருக்கோணமலைக்கு வருவோமாயின், இங்கும் ஆங்கிலக் கடற்படையின் கப்பற்றளம் ஒன்று நெடுங்காலம் இயங்கியது. பாய்க்கப்பற் காலத்தில் இங்கு உலர்துறை இல்லாமையாற் கப்பலை ஒருபக்கம் சாய்த்து, அடிமரத்தைச் செப்பஞ்செய்வர். கப்பல் சிறிது கூடுதலாகச் சாய்ந்தாலும் கேடு. அவ்வேலை கைப்பழக்கம் மிகவும் வேண்டுவது. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயிற் கட்டப்பெற்ற மிதவைத்துறை ஒன்று இங்குக் கொணரப்பட்டது. 1944 ஓகஸ்டில் ‘வேலியன்ட்’ என்னும் பெருங்கப்பலைத் தாங்கியபடியே அஃது அமிழ்ந்தது. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசினிடம் ஒப்படைக்கப்பட்டது. கோணேசர் கோயில் கொண்ட குன்றினைச் சூழ்ந்த கோட்டை 1803 இல் ஆங்கில இளவரசன் ஒருவனின் பெயரைப் பெற்று, இன்றும் பிரட்றிக் கோட்டை என வழங்குகின்றது. அவ்விளவரசன் இத்துறையில் ஓர் ஆணியும் அறைந்தவனல்லன். கப்பல்களைச் செப்பஞ்செய்த கொல்லர்க்கும் ஓடாவிகளுக்கும் வெள்ளிக்கோல் கொடுப்பார் இருந்திருப்பின், ஊரார் சொல்லும் பெயர்களில் அவர்களுடையனவும் சில கலந்திருக்கும்.

கற்கையையும் வேலையையும் மாறிமாறி இணைக்கும் முறை மேல்நாட்டுக் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றியது. 1903 இல் சண்டர்லாந்துத் தொழினுட்பக் கல்லூரி, பொறியியல், கப்பற்கட்டு நிலையங்களோடு கூடி அதனைத் தொடங்கிற்று. 1906 இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் 27 மாணவரைக்கொண்டு அவ்வாறே செய்தார். ‘ட்ரிங்கோமலி’ கப்பலும் 1860களிற் சண்டர்லாந்துத் துறையில் நின்று கடற்படைச் சேமப்படையினர்க்குப் பயிற்சிக்கூடமாயிருந்தமை ஓர் இனிய இயைபு. 1897 இல் விலைபோய்ப் பெயர் மாறியபின்னும், 1986 வரை இளைஞர்க்குக் கடற்றொழில் பயிற்றிய கப்பல் அது.

இலங்கையில் தொழில் பயிலுநர்க்கென 1971 இற் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அமைந்த தேசிய தொழிற்றகைமை முறை, பாடசாலைச் சான்றிதழ் இல்லாத கைவினைஞரையும் அவர் செய்துகாட்டும் வேலையைக்கொண்டு அளந்து தகைமை வழங்குகின்றது. வாய்ச்சி பிடிப்பவனுக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. பல்கலைக்கழக மாணவன் நிலையோ விந்தையானது. நிலாவெளி வீதியிற் கோணேசபுரியில் அமைந்த திருக்கோணமலை வளாகம் 2001 முதல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கூறாக வளர்ந்து வருகின்றது. துறைமுகத்தைச் சுற்றிலும் எண்ணெய்க் களஞ்சியம், மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை எனப் பயிற்சிக்குரிய களங்களும் பல உள. மாணவன் ஒருவன் அத்தகைய களத்திலே சில மாதம் உழைத்து, பழுதுற்ற பொறியொன்றின் குறையைக் கண்டு சொன்னான் என்க. பட்டச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. பெரும்பாலும் பயிற்சி நிறைவுற்றது என்னும் ஒரு சொல்லே எஞ்சும். நன்றாகச் செய்தவனுக்கும் நாளைக் கழித்தவனுக்கும் அச்சொல் ஒன்றே.

பரிசு ஏற்படுத்தினால் அதனையும் எழுத்துப் பரீட்சையில் முதல்வந்தவனுக்கே கொடுத்துவிடும் வழக்கம் கல்வி நிலையங்களுக்கு எளிதிற் கைவரும். களத்திற் சிறந்தவனைக் களத்திலுள்ளவரே தெரிந்துரைத்தல் வேண்டும். அவன் செய்தது இன்னது என்பதும் பெயரோடு பொறிக்கப்படல் வேண்டும். அதற்கு வெள்ளியும் வேண்டா. பயிற்சிக் குறிப்பேட்டின் ஈற்றுப் பக்கத்தில் மேற்பார்வையாளர் கையொப்பமிடும் இடத்துக்கு மேலே நான்கு வரிக்குப் போதிய வெற்றிடம் இருக்கின்றது.