நொய்யை நிறுத்திய கதை

அரிசி ஏற்றுமதிக்குத் தடை வரும்போதெல்லாம் விவசாயி வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்கிறது. யார் அந்த விவசாயி? விற்க நெல் வைத்திருப்பவனுக்கு விலை விழுந்தால் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுபவள், அறுப்பவள், களம் கூட்டுபவள் எல்லாம் அரிசியை வாங்கித் தின்கிறவர்கள். நம்ம ஜனங்களில் பெரும்பகுதி இந்தப் பக்கம். கூலியை நெல்லாக அளந்த காலத்தில் விலை ஏறினாலும் மரக்கால் மரக்கால்தான். கூலி காசான பிறகு விலையேற்றம் நேரே உலைப்பானைக்குள் விழுகிறது. அப்படியானால் தடை நமக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். அவ்வளவு லேசு இல்லை. நெல் விலை விழுந்தால் ‘இந்த வருசம் கட்டாது’ என்று அவன் முதலில் கை வைப்பது கூலியில்.

தடை கேட்ட கதை பழசு. 1873-74இல் வங்காளத்தில் மழை பொய்த்தபோது துணை ஆளுநர் ஜார்ஜ் கேம்பல் அரிசி ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னார். வைஸ்ராய் நார்த்புரூக் மறுத்தார். வியாபார சுதந்திரமாம். ஆனாலும் பர்மாவிலிருந்து அரசாங்கமே அரிசி வாங்கி இறக்கியது. நிவாரணத்தை நடத்தியவர் ரிச்சர்ட் டெம்பிள். சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்தது, அநியாயச் செலவு என்ற வசவு.

அதே டெம்பிளை 1877 ஜனவரியில், தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். மனுஷன் பாடம் படித்து வந்திருந்தார். நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா. இதில் ஆள் பிழைக்காது என்று சுகாதார கமிஷனர் கார்னிஷ் எழுதி வாதாட வேண்டியிருந்தது. முன்கூட்டியே தானியம் வாங்கி வைத்த ஆளுநர் பக்கிங்ஹாமை லிட்டன் அரசு கண்டித்தது. (அவர் பெயரைத் தாங்கிய கால்வாயின் சென்னைப் பகுதியை வெட்டியவை பஞ்சக் கூலிகளின் கைகள்.) அந்தப் பஞ்ச காலத்திலும் இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது. சென்னைக் கடற்கரையிலோ வந்திறங்கிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. வாங்கக் காசில்லாமல் செத்தார்கள். கப்பலை மறித்திருந்தால் மட்டும் பண்ணையாளின் மடியில் காசு முளைத்திருக்காது.

2007 அக்டோபரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசியைத் தடுத்தது. வியட்நாமும் கதவைச் சாத்தியது. 2008 ஜனவரியில் டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி மே மாதம் 900ஐத் தாண்டியது. உலகத்தில் அரிசி குறைந்துவிடவில்லை, பயம் கூடியது. ஹைட்டியில் பசித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஏப்ரலில் பிரதமரின் பதவி போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்ப் பிடித்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள்.

நொய் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. ரைஸ்மில்லில் புடைக்கப் போன என் அம்மா கூலியோடு மடியில் கட்டி வந்தது நொய். எங்களுக்கு அது கஞ்சி. செனகலில் அது தேசிய உணவு. பிரெஞ்சுக்காரன் அங்குள்ள குடியானவனைக் கடலை போட வைத்துவிட்டு, இந்தோசீனாவின் நொய்யைக் கொண்டுவந்து கொட்டினான். கம்பு தின்ற வாய் நொய்க்குப் பழகி, மீன்போட்டு ஆக்கும் செபு ஜென் ஆனது.

2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடுத்தபோது சொன்ன காரணத்தைப் பாருங்கள். கிலோ 16 ரூபாயிலிருந்து 22 ஆகிவிட்டதாம், கோழித்தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போதவில்லையாம். கப்பலேறியதிலும் பெரும்பங்கு சீனாவின் தீவனத்துக்குத்தான் போயிருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தடையின் பட்டியலில் எங்கள் கஞ்சிப்பானையும் முன்னால் இல்லை, செனகல்காரியின் சட்டியும் இல்லை. பிறகு செனகலும் காம்பியாவும் அரசு மட்டத்தில் கேட்டு ஒதுக்கீடு வாங்கின. இங்கே கிடங்குகள் நிரம்பி வழிந்தபோது, 2025 மார்ச்சில் தடையை எடுத்தார்கள். அதற்குள் இரண்டரை வருசம் போயிருந்தது.