ஆகாசவாணியும் அண்டவெளியும்

வானொலிக்கு ஆகாசவாணி என்னும் பெயர் வழங்கத் தொடங்கிய ஊர் மைசூர். 1935-ஆம் ஆண்டில், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளநூல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி, தம் இல்லத்திலேயே சிறியதொரு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவி, அதற்கு அப்பெயரைச் சூட்டினார். பின்னர் அதனையே இந்திய நாட்டு வானொலியும் ஏற்றுக்கொண்டது. ஆகாயத்தினின்று எழும் குரல் என்பது அதன் பொருள்.

அந்தப் பெயர் மெய்யாகவே பொருந்தும் ஒரு செய்தி அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. அமெரிக்கப் பொறியியலார் கார்ல் ஜான்ஸ்கி, தொலைபேசிப் பணிக்கு இடையூறாயிருந்த இரைச்சலின் காரணத்தைத் தேடினார். அவ்விரைச்சலில் ஒரு பகுதி, பால்வீதி மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து வருகின்றதென்று 1933-இல் அறிவித்தார். வானம் நம்மிடம் பேசிக்கொண்டிருந்தது. அப்படியாயின், நாம் பேசுவது வானத்துக்குக் கேட்குமா?

மைசூரில் எழுந்த அந்த ஒலி தடையின்றிச் சென்றிருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் இன்று 90 ஒளியாண்டுகளைக் கடந்திருக்கும். ஆனால் அது அவ்வாறு செல்லவில்லை. அந்நாளைய ஒலிபரப்புகள் மத்திய அலையிலோ சிற்றலையிலோ நிகழ்ந்தன. நமக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர்ந்த பகுதியில், மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் இருக்கின்றது. அது இவ்வலைகளில் பெரும்பகுதியைப் பூமிக்கே திருப்பிவிடுகின்றது. பகலில் அதன் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் அவ்வடுக்கு மறைய, மேலடுக்கில் பட்ட அலைகள் நெடுந்தொலைவு மீண்டு வரும். பிற மாநிலங்களில் குடியேறிய நாம், பகலில் கேட்காத தமிழ் நிலையத்தை இரவில் கேட்டு மகிழ்ந்ததெல்லாம் இதனாலேயே. நம் மொழியை நம் வீடுவரை கொணர்ந்த அதே கூரைதான் அதனை விண்மீன்களுக்குச் செல்லவிடாமல் தடுத்தது!

மிகக் குறைந்த அலைநீளமுடைய அலைகளுக்கு இத்தடை இல்லை. அவை உள்ளே வரவும் வெளியே செல்லவும் வல்லவை. மைசூரிலிருந்து கூடலூர் வழியாக மலையேறினால், உதகை அருகே முத்தோரையில் அவற்றை ஏற்கும் பெருங்கருவியொன்றைக் காணலாம். கோவிந்த ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970-இல் இயங்கத் தொடங்கிய அந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்து அட்சரேகைக்கு ஒப்பாக 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அது கிடத்தப்பட்டிருப்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகின்றது. ஆதலின், ஒரே அச்சில் சுழன்றவாறே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகின்றது.

இத்தகைய அலைகளில் பிற அறிவுயிர்களின் அழைப்பு உண்டோவென்று 1960-இல் முதன்முதலாகத் தேடியவர் அமெரிக்க வானியலார் பிராங்க் டிரேக். இரண்டு அண்மை விண்மீன்களை நோக்கிக் காத்திருந்தும் அவருக்கு விடை கிட்டவில்லை. இன்றுவரை எவருக்கும் கிட்டவில்லை. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சூரியனைப் போன்றதொரு விண்மீனைச் சுற்றும் வேற்றுக் கோள் 1995-இல் அறியப்பட்டது. இன்று உறுதிசெய்யப்பட்ட வேற்றுக் கோள்கள் 6,000-க்கும் மேற்பட்டவை. நம் பால்வீதியின் குறுக்களவோ ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. அதில் நாம் தேடிய பரப்பு மிகச் சிறிது.

1977-இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களில், 55 மொழிகளின் வாழ்த்துரைகள் பதிந்த தகடு வைக்கப்பட்டது. அவற்றுள் கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. இதனைக் கேட்கும்போது நம் உள்ளத்தில் சிறிது ஏக்கம் எழுவது இயல்பே. ஆயினும், அக்கலங்களுள் ஒன்று வேறொரு விண்மீனின் அருகே செல்ல ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் ஆகும். அத்தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மைசூரும் மதுரையும் ஒரே புள்ளி. அங்கே ஒலிக்கும் கன்னட வாழ்த்து, நமக்கு வாழ இடமளித்த அண்டை வீட்டார் நமக்காகவும் கூறிய வாழ்த்தே ஆகும்.