வக்கீல் குமாஸ்தாவிலிருந்து கூகுள் வரை: அறந்தாங்கியிலிருந்து சட்ட உதவி தேடும் வழிகள்

முன்னுரை

தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கி, 1974-இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தோடு இணைந்தது. 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதும், உயர் நீதிமன்ற வழக்குக்குச் சென்னைக்குப் போனவர்கள் மதுரைக்குப் போகலாயினர். நீதிமன்ற எல்லைகள் மாறியபோதும், பிரச்சினை என்று வந்தால் பத்திர எழுத்தரையோ வக்கீல் குமாஸ்தாவையோ முதலில் விசாரிக்கும் பழக்கம் நீடித்தது. இன்று அந்த இடத்துக்குக் கைப்பேசித் தேடல் வந்திருக்கிறது. அத்தேடல் இலவச சட்ட உதவிவரை ஒருவரைக் கொண்டுசேர்க்கத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல, சட்டம் வளர்ந்த விதமும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உரிமையான உதவி

1976-இன் 42-ஆவது திருத்தம் அரசமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்து, இலவச சட்ட உதவி வழங்குவதை அரசின் பொறுப்பாக்கியது. ஹுசைனாரா கத்தூன் வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம், ஏழை விசாரணைக் கைதிக்கு வழக்கறிஞர் உதவி கிடைப்பது நியாயமான விசாரணையின் பகுதி என்றது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமையும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அப்பகுதியின் மூத்த நீதித்துறை அலுவலரே தலைவர். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் தேடி வருபவருக்குத்தான் இந்த ஏற்பாடு பயன்படும். தேடும் வழியைப் பற்றி 1987-இல் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

விளம்பரத் தடையும் இடைத்தளங்களும்

இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 36-ஆவது விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல் பெயர், முகவரி, தகுதி போன்ற விவரங்களை இணையதளத்தில் தர மட்டும் அனுமதி கிடைத்தது. வழக்கறிஞர் விட்ட இடத்தை வணிக முகவரித் தளங்கள் நிரப்பின. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஜஸ்ட் டயல், சுலேகா, குவிக்கர் போன்ற தளங்கள் வழியே தொழில் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி வழக்கறிஞர் கழகத்துக்கு உத்தரவிட்டது. தொழிலின் கண்ணியத்தைக் காக்க இத்தடை உதவலாம். கட்சிக்காரர் யாரிடம் போவது என்ற கேள்விக்கு அது விடை தராது.

ஒரு தேடலின் கதி

ஜீவனாம்சம் கேட்க நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அவர் பார்க்க வேண்டியது 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144. பழைய சட்டத்திலோ 144 என்றால் தடையுத்தரவு. ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர், முன்பு எழுதப்பட்ட பக்கங்களில் ஊரடங்குச் செய்திகளில் போய் நிற்பார். பிரிவு சரியாகக் கிடைத்தாலும், பெண் என்பதாலேயே தமக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்பது தெரிய அவர் இன்னொரு சட்டத்தைத் தேட வேண்டும்.

முடிவுரை

2008-இல் தொடங்கிய இந்தியன் கானூன் என்ற இணையதளம் தீர்ப்புகளைத் தேடித் தருகிறது. இ-கோர்ட்ஸ் தளம் வழக்கின் நிலையைச் சொல்கிறது. இரண்டும் வழக்கு என்னவென்று ஏற்கெனவே அறிந்தவருக்கானவை. வழக்கே தொடுக்காதவருக்கு 15100 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. அதோடு, வட்டம் வாரியாகத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும்: எந்த நீதிமன்ற வளாகம், எந்த நேரம், என்ன ஆவணம், யாருக்குக் கட்டணமில்லை என்பவை அதில் இருக்க வேண்டும். விளம்பரத் தடை சட்டப் பணிகள் குழுக்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சட்ட விழிப்புணர்வைப் பரப்புவதும் சட்டப் பணிகள் அமைப்பின் கடமைகளுள் ஒன்று. அக்கடமையில் தேடல் முடிவுகளில் தென்படுவதையும் இனிச் சேர்க்க வேண்டும்.