புதுக்குப்புறம் இல்லாத பழமை: மும்பைத் தமிழர் கட்டடங்களும் புதுப்பிப்பு நிதியும்

முன்னுரை

கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்னும் சொல் காணப்படுகிறது. ஏரி, கோயில் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் செலவுக்கென விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். விளக்கெரிக்கத் திருவிளக்குப்புறம், பழுது நீக்கப் புதுக்குப்புறம் எனச் செலவுதோறும் வருவாய் தனியே ஒதுக்கப்பட்டது. கட்டுவதற்கு ஒருமுறை கொடை போதும். காப்பதற்கு நிலைத்த வருவாய் வேண்டும் என்ற நிருவாகத் தெளிவு இதில் புலப்படுகிறது. மும்பையில் பழைய கட்டடங்களைக் காக்கும் நிதி எவ்வழிகளில் வருகிறது, அது தமிழர் வாழிடங்களை எட்டுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாட்டுங்காவும் மராமத்து வரியும்

1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர் - மாட்டுங்கா திட்டப் பகுதியில் தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்குக் குடியேறினர். நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ஆய்வுநூல் இக்குடியேற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. 1923இல் ஆஸ்திக சமாஜமும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் சண்முகானந்த சபையும் தோன்றின.

1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் நிறுத்தியது. வருவாய் குன்றிய உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். இடிபாடுகள் மிகவே, 1969இல் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் மறுகட்டுமானச் சட்டம் இயற்றப்பட்டது. 'செஸ்' எனப்படும் சிறப்பு வரியும் அரசு, மாநகராட்சி ஆகியவற்றின் பங்கும் சேர்ந்து இந்நிதியாயின. இவ்வரி தீவு நகருக்கு மட்டுமே உரியது. புறநகரான செம்பூர் இதன் எல்லைக்கு வெளியே உள்ளது.

எனினும் இந்நிதியின் நோக்கம் கட்டடம் விழாமல் தடுப்பதேயன்றி அதன் பழமையைப் பேணுவதன்று. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 33(7), வரி செலுத்தும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவோர்க்குக் கூடுதல் தளப்பரப்பை அளித்தது. ஆகவே பழுதுபார்ப்பைவிட இடிப்பே ஆதாயம் மிக்கதாயிற்று.

பட்டியலும் 'ஏற்படுத்தலாம்' என்னும் சொல்லும்

1995இல் நடைமுறைக்கு வந்த மரபுக் கட்டட விதி 67, கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுத்துப் பட்டியலிட்டது. மாற்றங்களுக்கு முன் ஒப்புதல் பெறுதல் கட்டாயமாயிற்று. அதனால் கட்டும் வாய்ப்பை இழக்கும் உரிமையாளர்க்கு, வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ தக்க வளர்ச்சியுரிமைச் சான்று ஈடாக வழங்கப்பட்டது. பழுதுபார்ப்புக்கு உதவத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தலாம் என்றும், அது மாநகராட்சி ஆணையர் பொறுப்பில் இருக்கும் என்றும் விதி கூறியது. கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கிய விதி, நிதியை விருப்பத்திற்கு விட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதன் விளைவு 2012இல் வெளிப்பட்டது. சிவாஜி பார்க் முதலிய குடியிருப்புகளைப் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தபோது குடியிருப்போரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனைப் பழமையின்மேல் கொண்ட வெறுப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பராமரிப்புச் சுமை தம்மீதே விழ, மறுகட்டுமான வாய்ப்பு மட்டும் குறையும் என்ற அச்சமே அதன் அடிப்படை.

பெருநிறுவனக் கொடை

2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், வரையறைக்குட்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடப் பணித்தது. வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைச் சீரமைத்தலும் அப்பணிகளுள் ஒன்று. இச்சட்டத்திற்கு முன்னரே பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் மாநகராட்சி, இன்டாக், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டுமுயற்சியால் சீரமைக்கப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. கோட்டைப் பகுதியின் கெனசெத் எலியாகு யூத ஆலயம் ஜே.எஸ்.டபிள்யூ. அறக்கட்டளையின் உதவியால் 2019இல் பொலிவு பெற்றது. 2018இல் யுனெஸ்கோ ஏற்ற விக்டோரிய கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியும் தென்மும்பையிலேயே அமைந்தது. இவை யாவும் போற்றத்தக்க பணிகளே. ஆயினும் கண்ணுக்குப் புலனாகும் கலையழகை நாடிச் செல்லும் கொடை, எளிய வாடகைக் குடியிருப்பை நாடிச் செல்வது அரிது.

தாராவி

தாராவியின் நிலை இதனினும் நுட்பமானது. அங்குள்ள காலா கிலா கோட்டை, ஆளுநர் ஜான் ஹார்ன் காலத்தில் 1737இல் கட்டப்பெற்றதைக் கல்வெட்டு உரைக்கிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிட்ட உழைப்பாளருக்கோ இத்தகைய கல்வெட்டு இல்லை. பெரிய மசூதி 1887இலும், பிள்ளையார் கோயில் 1913இலும், தமிழ்ப்பள்ளி 1924இலும் தோன்றியதாகத் தாராவி வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

2004இல் அறிவிக்கப்பட்ட மறுமேம்பாட்டுத் திட்டத்திற்கு 2022இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஒப்பந்தப்புள்ளி அளித்து வென்றது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர் விலையில்லா வீட்டிற்கு உரியர். இங்குச் சான்று கோரப்படுவது ஒருவர் எப்போது வந்தார் என்பதற்கே. ஓர் இடம் எத்தனை தலைமுறை நினைவைத் தாங்கி நிற்கிறது என்ற வினா அவ்வளவையில் இடம்பெறுவதில்லை. நல்ல வீடு பெறுதல் அம்மக்களின் நீண்டகால உரிமை. அவ்வுரிமைக்குப் பழமை பேணல் தடையாதல் கூடாது. எனினும் பொது நிறுவனங்களை இனங்கண்டு திட்டத்தினுள்ளேயே காத்தல் இயலும்.

ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் 2002-2004ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம், இன்டாக் துணையுடன் தமிழர் பகுதியான வைசியர் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. செலவில் வீட்டு உரிமையாளரும் பங்கேற்றனர். திண்ணையும் தாழ்வாரமும் உடைய சாதாரண குடும்ப வீடுகளும் பொதுநிதிக்கு உரியன என்பதை அது நிறுவியது. ஆங்குத் தனி மாளிகை ஒன்று அன்றி, வீதி முழுவதுமே மரபு அலகாகக் கொள்ளப்பட்டது.

முடிவுரை

மும்பையில் வரிவழி நிதி பாதுகாப்பையும், பட்டியல் கட்டுப்பாட்டையும், நிறுவனக் கொடை அழகையும் நோக்குகின்றன. இம்மூன்றுக்கும் இடையே தமிழர் வாழ்வு சார்ந்த எளிய கட்டடங்கள் விடுபட நேர்கிறது. 2018இல் வந்த புதிய வளர்ச்சி விதிகளிலும் மரபுப் பட்டியல் முறை தொடர்வதால், எந்த நல்கைக்கும் ஆவணமே முதற்படியாகும். சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவையே இக்கட்டடங்களின் கல்வெட்டுகள். கட்டடம் இடிபடும்போது இவையும் சிதறும். இவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தல் தமிழ்த் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. புதுக்குப்புறத்தை வகுத்த கல்வெட்டு, நிலத்தின் எல்லையை முதலில் வரையறுத்த பின்னரே கொடையைக் கூறிற்று என்பது இப்பணிக்கு வழிகாட்டும்.