மருத்துவப் பணியாளர் நலம்

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆம்புலன்ஸ் ஊழியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் உடல்நலம், மனநலம், பணிப் பாதுகாப்பு மூன்றையும் சேர்த்துக் குறிப்பது. ஓயாத வேலை அழுத்தத்தால் வரும் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோயாக அல்ல, பணி சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது. ஆகவே யோகா வகுப்பு மட்டும் போதாது. பணிமுறையும் மாற வேண்டும்.

சிறு நகரங்களில் இந்தப் பணி அழுத்தம் வேறு வடிவம் எடுக்கும். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளை நம்பி மலையடிவாரக் கிராமங்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பெரிய நகரத்தைவிட இங்கே ஒரு வேறுபாடு உண்டு: சிகிச்சை தருபவரும் பெறுபவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக்கூடும். அது ஆறுதல், சில நேரம் அதுவே சுமை.

மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைப் பிணையில் வெளிவர முடியாத குற்றமாக்கும் சட்டம் தமிழகத்தில் 2008 முதல் உள்ளது. இருந்தும் 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். சட்டம் தண்டிக்கும், வார்டு வாசலில் நின்று தடுக்காது.

பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது. பரிந்துரையே இவ்வளவு என்றால் நடப்பை வாசகர் ஊகிக்கலாம். மனநல ஆலோசனைக்கான இலவசத் தொலைபேசி எண் 14416. மருத்துவப் பணியாளர்களும் அழைக்கலாம்.