மெட்ராஸில் பிறந்த பீட்டில்ஸ்காரர்

பீட்டில்ஸ் என்றால் நான்கு பேர். ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ. இங்கிலீஷ் பாட்டே கேட்காத என் நண்பனுக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் குழுவில் இரண்டு வருஷம் டிரம்ஸ் வாசித்த ஒருவர் நம்ம மெட்ராஸில் பிறந்தவர் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. தேடிப் படிக்கப் படிக்க விட முடியவில்லை. ராக் அண்ட் ரோல் வரலாறு என்றாலே கிடாரைப் பிடித்தவர்களின் கதைதான் வரும். இது பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கதை.

பெயர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24-ல் மெட்ராஸில் பிறந்தார். அம்மா மோனா, டெல்லியில் பிறந்தவர். பெற்ற தந்தை கப்பல் இன்ஜினியர், உலகப் போரில் இறந்துபோனார். பிறகு ஜானி பெஸ்ட் என்ற ராணுவ அதிகாரியை மோனா பம்பாயில் மணந்தார். 1945 கடைசியில் போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களோடு ஜார்ஜிக் என்ற கப்பலில் ஏறி, கிறிஸ்துமஸ் அன்று லிவர்பூலில் இறங்கியது குடும்பம். பீட்டுக்கு அப்போது நாலு வயது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் மோனாதான். 1954-ல் நகையை அடகு வைத்து, 33-க்கு 1 என்ற கணக்கில் ஒரு குதிரை மேல் பணம் கட்டினார். குதிரையின் பெயருக்கு 'ஒருபோதும் மனம் தளராதே' என்று அர்த்தம். அது ஜெயித்தது! அந்தப் பணம்தான் பிறகு பதினைந்து அறை கொண்ட பெரிய வீடாக மாறியது. (நம் ஊரில் இப்படி நகையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.) அந்த வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29-ல் 'காஸ்பா' என்ற காபி கிளப்பைத் திறந்தார். வாசிக்க வந்த பையன்கள் குவாரிமென். பின்னாளில் பீட்டில்ஸ் ஆனவர்கள். சுவருக்கு பெயின்ட் அடித்ததிலும் அவர்கள் கை உண்டு.

அங்கே ஒரு சம்பளச் சண்டையும் நடந்தது. நாலு பேருக்கு மூன்று பவுண்டு, தலைக்கு 15 ஷில்லிங். ஒரு நாள் கிடார் வாசிக்கும் கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்கவில்லை. மோனா அவருக்கும் 15 ஷில்லிங் கொடுத்தார். வாசிக்காதவனுக்கு எதற்குக் காசு என்று மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஆனாலும் 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாசிக்க வாய்ப்பு வந்தபோது அவர்களிடம் டிரம்மர் இல்லை. பீட்டைக் கூப்பிட்டார்கள். அங்கே வார நாட்களில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிப்பு. படுக்கை ஒரு சினிமா தியேட்டரின் பின்னறையில். அந்தப் பழக்கம்தான் அவர்களை உண்மையான குழுவாக மாற்றியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த உழைப்பில் பீட்டுக்கும் பங்கு உண்டு.

1962 ஜனவரி 1-ல் டெக்கா கம்பெனியில் தேர்வு. நிராகரித்தார்கள். ஜூன் 6-ல் இஎம்ஐ. அங்கே ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆகஸ்ட் 16-ல் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் பீட்டைக் கூப்பிட்டு, பையன்களுக்கு நீங்கள் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கூடவே இருந்த மூவரில் ஒருவர்கூட நேரில் வந்து சொல்லவில்லை. சரியாக ஐம்பது நாளில், அக்டோபர் 5-ல், முதல் ரெக்கார்டு வெளியானது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கேவர்ன் கிளப்பில் நடந்த ரகளையில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண் வீங்கிப்போனது.

ஏன் நீக்கினார்கள்? அழகாக இருந்ததால் பொறாமை, அதிகம் பேச மாட்டார், வாசிப்பு போதவில்லை... ஆளுக்கொரு காரணம். டெக்காவில் பதிவான பாட்டுகளைக் கேட்டேன். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது, அதனால் ஹெட்போனில்தான். என் காதுக்கு அவர் வாசிப்பு மோசமில்லை. ஆனால் பாட்டு மாறினாலும் அடி மாறவில்லை, பக்கத்து வீட்டுத் தறி மாதிரி. ரிங்கோ வந்த பிறகு வித்தியாசம் தெரிகிறது. நீக்கியது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. நீக்கிய விதம் வேறு விஷயம்.

நாங்கள் பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'கூட்டாளி விலகல்' என்று ஒரு பாடம் படித்தோம். விலகுகிறவருக்கு முதல் மட்டும் போதாது, நற்பெயரிலும் அவர் பங்கைக் கொடுக்க வேண்டும். தொழில் இனிமேல் சம்பாதிக்கப்போவதில் அவர் உழைப்பும் இருக்கிறது என்பதால். 1962-ல் பீட்டுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார். அமெரிக்காவில் 'பெஸ்ட் ஆஃப் தி பீட்டில்ஸ்' என்று ஒரு ஆல்பம் வந்தது. பெஸ்ட் என்பது அவர் பெயர்தானே! பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இடையில் உயிரை விடவும் முயன்றார், அம்மாவும் தம்பியும் காப்பாற்றினார்கள். பிறகு ரொட்டி மூட்டை ஏற்றும் வேலை. அதன்பின் அரசு வேலை. எங்கே தெரியுமா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில்! வேலை இழந்து வருகிறவர்களுக்கு வேலை தேடித் தருவது. சுமார் இருபது வருஷம்.

இதில் ஒரு விசித்திரம். பீட்டின் நண்பர் நீல் ஆஸ்பினால்தான் குழுவின் வேன் ஓட்டியவர். பீட்டை நீக்கியதும் தானும் விலகுவதாகச் சொன்னார். வேண்டாம், இருந்துகொள் என்றவர் பீட். அந்த நீல் பிற்காலத்தில் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கே தலைவரானார். 1967-ல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டைக்காக மோனாவின் அப்பா வாங்கிய ராணுவப் பதக்கத்தை ஜான் இரவல் கேட்டபோது மோனாவும் கொடுத்தார்.

1995-ல் 'ஆந்தாலஜி 1' வெளியானது. பழைய பதிவுகளின் தொகுப்பு. அதில் பத்துப் பாட்டுகளில் டிரம்ஸ் பீட். முப்பத்து மூன்று வருஷம் கழித்து ராயல்டி வந்தது, பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த அட்டையைப் பாருங்கள். ஒட்டிக் கிழித்த பழைய படங்கள். அதில் ஒன்று பீட் இருந்த காலத்துக் குழுப் படம். அவர் முகம் இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் தெரிகிறது. பணத்தையும் கொடுத்து முகத்தையும் கிழித்திருக்கிறார்கள்.

பீட் இதற்காகப் பெரிதாகச் சண்டை போடவில்லை. 1988-ல் மறுபடி மேடை ஏறியவர், தம்பி ரோகோடு தன் பெயரிலேயே குழு அமைத்து ஊர் ஊராக வாசித்தார். 2025 ஏப்ரலில், 83 வயதில், இனி மேடையில்லை என்று அறிவித்தார்கள். மோனாவின் நிலவறை இன்னும் இருக்கிறது. பையன்கள் பெயின்ட் அடித்த சுவரையும் கூரையையும் பார்க்க ஆட்கள் போகிறார்கள்.