வீட்டுக்கு வீடு ஒரு கீழ்ப்பாக்கம்

போன மாசம் சென்னைக்குள்ளேயே வீடு மாறினேன். மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடிதான். நல்ல வெளிச்சம், நல்ல காத்து. முதல் நாள் காலையில ஷவரைத் திறந்தா தண்ணி நூல் மாதிரி வருது. தலையில போட்ட ஷாம்பு போகவே பத்து நிமிஷம் ஆச்சு. பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் மாடிக்குப் போய் டேங்க்கைப் பார்த்துட்டு வந்து, "உங்க ஷவருக்கும் டேங்க்குக்கும் உயரமே இல்லையே சார், அப்புறம் தண்ணி எப்படி வேகமா வரும்?"னு கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட். ஏன்னா சென்னையோட குடிநீர் வரலாறுல பெரும்பகுதி, அந்த உயரத்தைத் தேடி அலைஞ்ச கதைதான்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால், கீழே கிடைக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார். என் ஷவருக்கு மேல டேங்க் தண்ணி நிக்கிறது 2 மீட்டர்தான். அப்போ எனக்குக் கிடைக்கிறது 0.2 பார். தரைத்தளத்து வீட்டுக்கு இதே டேங்க்லேருந்து சுமார் 1 பார் போகுது. டேங்க் பெரிசா இருந்தா பிரஷர் கூடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அகலம் கணக்கில் வராது, உயரம்தான் கணக்கு.

இப்போ 1872-க்குப் போவோம். அந்த வருஷம்தான் சென்னையில் ஒழுங்கான குழாய் விநியோகம் தொடங்கியது. கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, தண்ணியைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினாங்க. செங்குன்றத்திலிருந்து ஒரு திறந்த மண் கால்வாய் வழியா கீழ்ப்பாக்கத்துக்கு வரும். அங்கே ஒரு செங்கல் தொட்டி, அதிலிருந்து ஊருக்குள்ள இரும்புக் குழாய்கள். பம்பு கிடையாது, வடிகட்டுறது கிடையாது. எல்லாமே புவியீர்ப்பு விசை. ஆனா சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்துக்கு மேல சில மீட்டர்தான். உயரமே இல்லாத ஊர்ல புவியீர்ப்பை நம்பினா எவ்வளவு வேகம் கிடைக்கும்?

இதை மாத்தினவர் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற இன்ஜினியர். ஆமா, தி.நகர்ல மழை வந்தா தண்ணி நிக்குமே, அந்த மேட்லி சப்வே பேருக்குச் சொந்தக்காரர். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் புதுசா வந்தது. மணல் வடிகட்டிகள், சுத்தமான தண்ணியைச் சேர்த்து வைக்க ஒரு நிலத்தடித் தொட்டி, நீராவியில் ஓடுற பம்புகள், மேலே பிரம்மாண்டமான ஒரு இரும்புத் தொட்டி. அதோட கொள்ளளவு சுமார் 68 லட்சம் லிட்டர்.

கீழே தொட்டி, நடுவில் பம்பு, மேலே தொட்டி. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? உங்க வீட்டு சம்ப், மோட்டார், மாடி டேங்க். அதே அமைப்புதான். அப்போ ஊருக்கே ஒண்ணு போதும்னு கட்டினது, இப்போ ஏன் வீட்டுக்கு வீடு இருக்கு?

பதில் மக்கள் தொகையில் இருக்கு. 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 115 லிட்டர் கொடுக்கணும்னு கணக்குப் போட்டுத்தான் அந்தத் திட்டத்தை வடிவமைச்சாங்க. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் இருந்தவங்க 17 லட்சத்துக்கும் மேல. குழாய்ல தண்ணி இருந்தது, அதைத் தூக்கிவிடுற அழுத்தம் இல்லை. நாள் முழுக்க வந்துட்டிருந்த தண்ணி சில மணி நேரமா சுருங்குச்சு. ரோட்டு லைனிலிருந்து தண்ணியை மேலே இழுக்க, சென்னை வீட்டு வாசல்கள்ல அடிபம்பு வந்தது. நிறைய இடத்துல பள்ளம் தோண்டி, படி இறங்கிப் போய் தண்ணி பிடிப்பாங்க. உயரம் கிடைக்கலையா, நாம கீழே இறங்கிடுவோம்!

எங்க தாத்தா வீடு பெரம்பூர்ல. எண்பதுகளில் அம்மாவும் பெரியம்மாவும் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து பம்பு அடிப்பாங்களாம். அதைப் பார்க்கப் பொறுக்காம தாத்தா ஒரு அரை குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி, நேரா ரோட்டு லைன்ல மாட்டிட்டார். கால் மணி நேரத்துல எல்லாக் குடமும் நிரம்பிடுச்சு. மூணாவது நாள் எதிர்வீட்டு அக்கா காலிக் குடத்தோட வந்து நின்னாங்க. "நீங்க மோட்டார் போட்டா எங்க பம்புல வெறும் காத்துதான் வருது." அடுத்த மாசம் அவங்க வீட்லயும் மோட்டார். அப்புறம் பக்கத்து வீடு. தெருக்கோடியில இருந்த வீட்டுக்கு மட்டும் மோட்டார் வாங்க வசதியில்லை. அவங்க பம்புல அதுக்கப்புறம் தண்ணி வந்து பார்த்ததே இல்லைன்னு அம்மா சொல்வாங்க. தாத்தா அதைப் பத்திப் பேசவே மாட்டார்.

ரோட்டு லைன்ல நேரா மோட்டார் மாட்டுறது சட்டப்படி தப்பு. அதுக்குக் காரணம் பக்கத்து வீட்டுத் தண்ணி மட்டும் இல்லை. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சு, விரிசல் இருந்தா பக்கத்துல கசியுற சாக்கடைத் தண்ணியும் உள்ளே வரும். அந்தத் தெருவே அதைத்தான் குடிக்கும். இதுக்கு ஓரளவு நியாயமான தீர்வா வந்தது சம்ப். ரோட்டு லைனுக்குக் கீழே இருக்கிறதால குறைஞ்ச அழுத்தத்திலும் தண்ணி தானா வந்து விழும். அங்கிருந்து மோட்டார் போட்டா, இழுக்கிறது நம்ம தண்ணியை மட்டும்தான்.

என் ஷவர் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? பிளம்பர் முதல்ல ஷவர் தலையைக் கழட்டி, அடைச்சிருந்த உப்பை எடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை. டேங்க்கைத் தூக்கி வைக்க ஓனர் ஒத்துக்கல. கடைசியில டேங்க்கிலிருந்து வர்ற பைப்புல ஒரு சின்ன பிரஷர் பம்ப் போட்டோம். அது இழுக்கிறது எங்க டேங்க்கிலிருந்துதான், ரோட்டிலிருந்து இல்லை. ஆனா எங்க சம்ப்பை நிரப்புறது அதே தெரு லைன்தான். அந்த லைனோட கடைசி வீட்டுக்கு இன்னைக்கு எவ்வளவு தண்ணி போகுதுன்னு நான் இதுவரைக்கும் போய்க் கேட்டதில்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல பெரியவங்க கிட்ட, நம்ம சம்ப் எந்த வருஷம் தோண்டினது, அதுக்கு முன்னாடி தண்ணி எப்படி வந்ததுன்னு கேளுங்க. அப்படியே தெருக்கோடி வீட்டைப் பத்தியும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.